ரத்தத்தில் ஊறியது: வட ஆற்காட்டில் ‘பரம்பரை’ என்ற சொல்

2018ஆம் ஆண்டு கோடையில் என் மாமன் மகனுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தபோது, வேலூரில் ஒரு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குடும்பப் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்கள்மேல் சாய்வாக ஒரு கோடு. நோய் கண்டவர்களின் கட்டம் முழுக்க மை. கணவன் மனைவியை ஒற்றைக் கோடு இணைக்கும். அவர்கள் ஏற்கெனவே ரத்த உறவுக்காரர்கள் என்றால் இரட்டைக் கோடு. என் மாமா தன் அக்காள் மகளையே கட்டியவர். ஆகவே எங்கள் தாளின் நடுவில் இரட்டைக் கோடு விழுந்தது. பெரியம்மாவின் மகள் என்ற முறையில் ‘அக்கா’ என்று நான் கூப்பிட்டிருக்க வேண்டியவரை, மாமாவின் மனைவி என்ற முறையில் ‘அத்தை’ என்றே கூப்பிட்டு வளர்ந்தேன். அந்தத் தாளில் ஓரமாக ஒரு சின்னச் சதுரமாக நானும் இருந்தேன்.

“இவரோட அப்பா எதுல தவறினாங்க?” என்று மருத்துவர் கேட்டார். “மஞ்சக்காமாலை மேடம்” என்றார் அத்தை, கண் இமைக்காமல். மாமா 1999இல் இறந்தது மஞ்சள்காமாலையில் அல்ல. மகனுக்கு வந்த அதே நோயில். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், “இன்னாத்துக்கு அத்தே அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன். “வூட்ல பொண்ணு ஒருத்தி நிக்கறா கண்ணு. அப்பனுக்கும் இது, அண்ணனுக்கும் இதுன்னு எழுதிட்டா எவன் வந்து கட்டுவான்?”

நான் திரும்பிப் போய் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். மாமாவின் சதுரத்தில் மை ஏறியது. அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் அத்தை என்னோடு பேசவில்லை.

அதே கோப்பில் முதல் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. தொழில் என்று அச்சடித்து அதற்கு நேராகக் கையால் ‘கூலி’ என்று எழுதியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. பையன் பத்து வருஷமாக ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் பசை தடவிக்கொண்டிருந்தான், வாரக்கூலிதான் வாங்கினான். முதல் பொய்யைத் திருத்த ஓடிய நான் இந்த உண்மையைத் திருத்த வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தமிழ் எம்.ஏ. படித்து, சொற்களின் அரசியல் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு ‘கூலி’ என்ற சொல் எதை மறைக்கிறது என்று அன்றைக்கு உறைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரிகளைப் பற்றியது.

*

நோயின் பெயரிலிருந்து தொடங்கலாம். 1845இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட், பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ இருவரும் தனித்தனியே இந்த நோயை விவரித்தார்கள். 1847இல் விர்ஷோ அதற்கு ‘வெள்ளை ரத்தம்’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். குடும்பம் பற்றிய கேள்வி அதிக காலம் காத்திருக்கவில்லை. 1861இலேயே அன்டோன் பீர்மர் இரு சகோதரிகளுக்கு இந்நோய் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1947இல் டென்மார்க்கின் வீடெபெக், நோயாளிகளின் குடும்பங்களை வரிசையாக விசாரித்து, இது பரம்பரையோடு தொடர்புடையது என்று ஒரு நூலே வெளியிட்டார். அவர் ஒப்பீட்டுக்கு எடுத்த குடும்பங்கள் சரிதானா என்ற சர்ச்சையும் கூடவே கிளம்பியது. ‘கெட்ட ரத்தம்’ என்ற கருத்தாக்கத்தை வைத்து ஜெர்மனியில் லட்சக்கணக்கானோரை மலடாக்கியும் கொன்றும் தீர்த்த காலம் முடிந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. பரம்பரை என்ற சொல்லை மருத்துவர்கள் கூச்சத்தோடு உச்சரித்த காலம் அது.

இன்றைக்கு நமக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரத்தப் புற்று பெரும்பாலும் பரம்பரையாக வருவது அல்ல. எலும்பு மஜ்ஜையில் ஓர் அணுவில் வாழ்நாளில் நேரும் மாற்றம் அது; பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைக்குப் போவதுமில்லை. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் காணப்படும் பிலடெல்பியா குரோமோசோம் 1960இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது முழுக்க இப்படிப்பட்டது. ஆனால் ஒரு சிறு பகுதி அப்படி இல்லை. 1999இல் ‘ரன்எக்ஸ்1’ என்ற மரபணுவில் பிறவியிலேயே பிழையுள்ள குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன. தட்டணுக்கள் குறைவு, சின்னக் காயத்துக்கும் நிற்காத ரத்தம், அவர்களில் சிலருக்குப் பிறகு ரத்தப் புற்று. 2004இல் ‘சி.இ.பி.பி.ஏ.’, 2011இல் ‘காட்டா2’, 2015இல் ‘டி.டி.எக்ஸ்.41’. கடைசியாகச் சொன்னது குரூரமான தந்திரக்காரன். அறுபது வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் நோயாக வெளிப்படும். அதனால் ‘வயசாச்சு, வந்துடுச்சு’ என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு வரும் மைலாய்டு வகைப் புற்றுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு இப்படிப் பிறவியில் வந்த ஏதோ ஒரு பிழை இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் தன் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் கொடுத்தது. நாட்பட்ட லிம்ஃபாய்டு வகையில் குடும்பத் தொடர்பு இன்னும் அழுத்தமானது. ஸ்வீடனின் பதிவேடுகளின்படி நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல். எட்டு மடங்கு என்றதும் பதற வேண்டாம். மிகச் சிறிய எண்ணின் எட்டு மடங்கும் சிறியதுதான். அதோடு அந்த வகை நம் நாட்டில் குறைவு.

இங்கே தமிழ் செய்யும் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் “மரபணு மாற்றம்” என்கிறார். அவர் சொல்வது, மஜ்ஜையில் ஓர் அணுவுக்குள் இந்தப் பிறவியிலேயே நேர்ந்த விபத்து. ஆனால் கேட்பவரின் காதில் விழுவது ‘மரபு’. அத்தைக்கு மட்டுமல்ல, எனக்கும் அப்படித்தான் விழுந்தது. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர். இன்று பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறையின் ஒரு பிரிவுக்கும் அதே பெயர். தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் குட்டிக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்து, முடிவில் நால்வகை வருணத்தாருக்கு எது எது உரியது என்று சொல்லத் தொடங்குகிறது. அப்பகுதி இடைச்செருகல் என்பார் உண்டு. செருகியவர் யாராக இருந்தாலும் இடம் பார்த்துத்தான் செருகியிருக்கிறார். பசுவின் கன்றுக்கும் மனிதனின் தொழிலுக்கும் ஒரே இயலில் விதி எழுதப்பட்டது. உடலின் வழி வருவதும் சமூகத்தின் வழி வருவதும் ‘மரபு’ என்ற ஒரே சொல்லுக்குள் அப்போதே உட்கார்ந்துவிட்டன. ‘தொழில் அவனுக்கு ரத்தத்தில் ஊறியது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வழக்கு அந்தக் குழப்பத்தின் பேச்சு வடிவம்தான்.

ஆம்பூரில் ஊறுவது தோல். ஊறிய தொட்டிக்குள் இறங்கியது மனிதக் கால்.

*

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் வணிகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மதராஸ் துறைமுகம் வழியாக லண்டன் போனது. உடைமையாளர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களில், மயிர் நீக்கியவர்களில், சதை வழித்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். ஊர் இந்த வேலைக்காரர்களின் வாசனையைச் சாதியின் வாசனையாகப் படித்தது. தொழில் சாதியைக் காட்டியது, சாதி தொழிலைக் காட்டியது. எது முதல் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சாதி என்பது உழைப்பைப் பங்கிடுவது அல்ல, உழைப்பாளர்களையே பங்கிடுவது என்றார். ரத்தத் தூய்மையைக் காக்கத்தான் சாதி என்ற அன்றைய இனமேம்பாட்டு வாதத்தையும் அதே உரையில் எடுத்து மறுத்தார். எங்கள் மாவட்டம் 1989க்குப் பிறகு சில வருஷங்கள் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. பிறகு பெயர் போயிற்று. 2019இல் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது.

இதே மண்ணில் இன்னொரு பரம்பரையும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து 1819இல் கிளம்பி இலங்கைக்கும் பின் சென்னைக்கும் வந்த ஜான் ஸ்கடரின் குடும்பம். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து, மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் ஆரம்பித்ததுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் மிஷன் பணிக்கு வந்தார்கள். அதை நாம் அழைப்பு என்கிறோம், அர்ப்பணிப்பு என்கிறோம். குலத்தொழில் என்று சொல்வதில்லை. அவர்கள் செய்ததைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. என் தாத்தா உயிரோடு திரும்பிய படுக்கை அவர்கள் போட்டதுதான். ஆனால் ஒரு குடும்பத்தில் தொழில் தொடர்ந்தால் அது வரலாறு ஆகிறது, இன்னொரு குடும்பத்தில் தொடர்ந்தால் அது ரத்தம் ஆகிறது. இந்த வித்தியாசம் கவனிக்கத்தக்கது.

ஃபூக்கோ தன் ‘பாலியலின் வரலாறு’ முதல் தொகுதியில் (1976) ரத்தத்தின் குறியீட்டால் இயங்கிய பழைய சமூகம், உடல்நலத்தாலும் வாரிசின் தரத்தாலும் தன்னை அளந்துகொள்ளும் சமூகமாக மாறியது குறித்துப் பேசுகிறார். அது ஐரோப்பாவின் கதை. நம்மிடத்தில் பழையது போய்ப் புதியது வரவில்லை. பழையதின் மேலேயே புதியது வந்து உட்கார்ந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சாதியை விசாரிக்கிறார்கள், அடுத்து ‘குடும்பத்துல சுகர் கிகர் உண்டா’ என்று விசாரிக்கிறார்கள். இரண்டும் ஒரே மூச்சில் வருகிற கேள்விகள். அத்தை சொன்ன பொய்யை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது அறியாமையல்ல, துல்லியமான சமூக அறிவு.

*

எழுபதுகள் வரை எங்கள் பக்கம் மேலோங்கியிருந்தது அரைத் தோல்தான். சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1973 வாக்கில் அரைத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுத் தோல், அப்புறம் ஷூ மேல்பாகம், அப்புறம் முழு ஷூ என்று தொழில் மாறியது. என் தாத்தா இறங்கியது சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும். மாமா 1978இல் சேர்ந்தது ஃபினிஷிங் பிரிவு. தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்ற ஸ்ப்ரே அடிக்கும் வேலை. அவருடைய மகன் பசை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று தலைமுறையாகத் தோல் வேலை. உள்ளே மூன்றும் வெவ்வேறு ரசாயனம்.

இது முக்கியம், ஏனென்றால் நம் வட்டாரத்தில் மாசு என்றாலே குரோமியம் என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த வேலூர்க் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைப் பதிவு செய்தது. குரோம் பதனிடலில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுவதையும் அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது. இராணிப்பேட்டையில் தொண்ணூறுகளில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலை போலக் குவிந்து கிடந்ததை நானே சின்ன வயதில் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அறுஇணைதிறன் குரோமியத்தின் பெயரில் உறுதியாகியிருப்பது நுரையீரல் புற்று. ரத்தத்தின் பக்கம் வந்தால் சந்தேகத்துக்குரியவர்கள் வேறு: பென்சீன், ஃபார்மால்டிஹைடு. முதலாவது ரத்தப் புற்றை உண்டாக்கும் என்பது பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற உண்மை. இரண்டாவதைப் பற்றி அதே முடிவுக்கு உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் வந்தது. ஒன்று பசையிலும் கரைப்பானிலும் உலவியது. மற்றது தோல் மெருகேற்றும் பூச்சுகளில். ஆற்றில் ஓடி நிலத்தைக் கெடுத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, வழக்கானது. கூரைக்குக் கீழே மூக்கு வழியாகப் போனது வழக்காகவில்லை.

ஷூவுக்கும் ரத்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டது நம் ஊர் அல்ல, இஸ்தான்புல். ஐம்பதுகளின் பிற்பாதியில் துருக்கிச் செருப்புப் பட்டறைகளில் பென்சீன் கலந்த மலிவான பசை வந்தது. காற்றோட்டமில்லாத சின்ன அறைகள். இடுக்கி உட்கார்ந்து வேலை. அறுபதுகளில் ரத்தசோகையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், பின்னால் ரத்தப் புற்றோடு. முஸாஃபெர் அக்சோய் என்ற மருத்துவர் 1967க்கும் 1973க்கும் இடையில் 28,500 செருப்புத் தொழிலாளர்களிடையே 26 பேருக்குக் கடும் ரத்தப் புற்றோ அதன் முன்நிலையோ இருப்பதைக் கண்டு 1974இல் வெளியிட்டார். பொது மக்களிடம் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அவர் செய்தது பெரிய வித்தை அல்ல. வந்தவரிடம் என்ன வேலை என்று கேட்டார், ‘கூலி’ என்ற பதிலோடு நிற்காமல் என்ன பசை என்றும் கேட்டார்.

தாய்க்கும் மகளுக்கும் ஒரே வகை நோய் வந்தால் அது ரத்தம்தானே என்று கேட்கலாம். மேரி கியூரி 1934இல் மஜ்ஜை வற்றி இறந்தார். மூத்த மகள் ஐரீன் 1956இல் ரத்தப் புற்றில் இறந்தார். குடும்பப் படம் போட்டால் தாயின் வட்டத்திலும் மகளின் வட்டத்திலும் மை. ஆனால் ஐரீன் தாயிடமிருந்து பெற்ற சொத்தில் ஆய்வுக்கூடமும் இருந்தது. முதல் உலகப் போரில் பதின்வயதுப் பெண்ணாகத் தாயோடு எக்ஸ்ரே வண்டியில் போனவர் அவர். இளைய மகள் ஈவ் ஆய்வுக்கூடத்துப் பக்கம் போகவில்லை. எழுத்தாளரானார், 2007இல் 102 வயதில் இறந்தார். ஒரு குடும்பத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் படத்தில் மூன்று வட்டங்களுக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதினால் படம் வேறு மாதிரி பேசுகிறது.

இரட்டைக் குழந்தைகளின் விஷயம் இன்னும் விசித்திரம். உருவொத்த இரட்டையரில் ஒருவருக்குக் கைக்குழந்தையிலேயே ரத்தப் புற்று வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு மிக அதிகம். பரம்பரைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பல காலம் நினைத்தார்கள். 1993இல் மெல் கிரீவ்ஸும் சகாக்களும் காட்டியது வேறு. கருவில் ஒரு குழந்தையின் அணுவில் நேர்ந்த மாற்றம், பொதுவான நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் வழியாக மற்றக் குழந்தைக்குப் போயிருக்கிறது. பெற்றோர் தந்ததல்ல அது, ஒரே இடத்தில் சேர்ந்து இருந்ததால் வந்தது. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வருவதெல்லாம் பரம்பரை ஆகிவிடாது.

*

இதுவரை படித்த தோழர் ஒருவர், “ஆக, எல்லாம் ரசாயனம்தான், பரம்பரை என்பது முதலாளி சொல்லும் சாக்கு” என்று முடிவுக்கு வந்திருப்பார். நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன். அது வசதியான நம்பிக்கை. மேடையில் கைதட்டல் வாங்கும். ஆனால் அது பொய், ஆபத்தான பொய்யும்கூட.

சொந்தத்தில் கட்டுவது பற்றிய அறிவின் வரலாற்றில் வட ஆற்காட்டுக்கு ஓர் இடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் இங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளை விசாரித்து 1977இலும் தொடர்ந்தும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். கிராமப்புறத்தில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. நகரத்தில் பத்துக்கு மூன்று. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகள். வெளியூர் அறிஞர்கள் எதிர்பார்த்தது பேரழிவு. ஆனால் கருச்சிதைவிலும் சிசு மரணத்திலும் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நூற்றாண்டுகளாக இப்படிக் கட்டிக்கட்டியே கொடிய ஒடுங்குமரபணுக்கள் கொஞ்சம் கழிந்துபோயிருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. சொந்தத்தில் கட்டினால் வம்சமே நாசம் என்று பயமுறுத்துகிறவர்களும், ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் செய்கிறவர்களும் இந்தக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும். ஏனென்றால் ஒட்டுமொத்தக் கணக்கில் கரைந்துபோகும் சில அரிய நோய்கள் இருக்கின்றன. 1927இல் கைடோ ஃபான்கோனி மூன்று சகோதரர்களிடம் கண்ட ரத்தசோகை அப்படிப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிழைப் பிரதி வந்து சேர்ந்தால்தான் பெரும்பாலும் நோய் வரும். வந்தவர்களுக்கு மஜ்ஜை வற்றும், ரத்தப் புற்றின் ஆபத்து பல மடங்கு கூடும். அந்தக் குழந்தைகளின் படத்தில் இரட்டைக் கோடு வெறும் அலங்காரம் அல்ல. தமிழ்நாட்டில் இன்றும் கால்வாசிக்கும் சற்று அதிகமான திருமணங்கள் சொந்தத்துக்குள்தான்.

பரம்பரையைக் கேட்டே ஆக வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. அதுதான் எங்கள் குடும்பத்தின் இடம். இந்தியாவில் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. வேலூரில் 1986இல், மேமன் சாண்டியின் முயற்சியில். அன்றிலிருந்து வேலூர்க் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து ஏற ஆரம்பித்தது. ரத்தம் கெட்டவர்கள் கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வந்து இறங்கும் ஊராயிற்று இது. எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் ‘பிளட் கேன்சர்’ வந்த கதாநாயகன் தனியாக இருமி, ரத்தம் கக்கி, பாட்டுப் பாடிச் செத்தான். அவனுக்கு உடன்பிறந்தவர்கள் இருப்பதில்லை. நிஜத்தில் இந்த நோயாளிக்கு முதலில் தேவைப்படுவது உடன்பிறந்தவர்கள்தான். திசுப் பொருத்தம் கூடப்பிறந்த ஒருவரிடம் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் தாய் தகப்பனிடமும் அத்தை மாமன் வழியிலும் தேடினால்கூடக் கிடைப்பதுண்டு. நோயைக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்படும் அதே இரட்டைக் கோடு இங்கே மருந்தைக் கொடுக்கிறது.

எங்கள் பையனுக்குத் தங்கை பொருந்தினாள். யாருடைய திருமணத்துக்காக அத்தை பொய் சொன்னாரோ அதே தங்கை. இங்கேதான் மஞ்சள்காமாலை கழுத்தை நெரிக்கும் விஷயமாகிறது. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பிறவிப் பிழை இருந்தால், தங்கைக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பார்க்க ஆரோக்கியமாக இருப்பாள். அவளுடைய மஜ்ஜையை எடுத்து அண்ணனுக்கு வைத்தால் வேர் பிடிக்காமல் போகலாம், அல்லது நாளடைவில் அந்த மஜ்ஜையே புற்றாகலாம். அப்படி நடந்த குடும்பங்களை மருத்துவ இலக்கியம் பதிவு செய்திருக்கிறது. பரம்பரையே இல்லை என்று கொள்கைப்பூர்வமாக மறுக்கிற என் தோழரும், கல்யாணத்துக்குப் பயந்து மறைக்கிற என் அத்தையும் அந்த வார்டில் ஒரே பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

பிறவிப் பிழையா, பின்னால் வந்ததா என்று பிரித்தறிய நோயாளியின் ரத்தத்தைப் பார்த்தால் போதாது. ரத்தம்தானே கெட்டிருக்கிறது; அதில் காண்பது எல்லாம் நோயின் கையெழுத்தாகவும் இருக்கலாம். எனவே முன்கையிலிருந்து ஒரு துணுக்குத் தோலை எடுத்து, அதன் அணுக்களை வளர்த்து, அதில் பார்க்கிறார்கள். மருத்துவர் இதைச் சொன்னபோது படுக்கையில் கிடந்தவன் சிரித்துவிட்டான். “தோலா மேடம்? ஆம்பூர்க்காரன்கிட்டயா கேக்கறீங்க? எத்தினி டஜன் வேணும்?”

*

முடிவு வர பல வாரங்கள் ஆயின. இதுவரை தெரிந்த மரபணுக்கள் எதிலும் அவனிடம் பிறவிப் பிழை இல்லை. தங்கையின் மஜ்ஜையை வைத்தார்கள். இன்று அவன் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பசை வாசனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தெரிந்த மரபணுக்களில் இல்லை என்றால் பரம்பரையே இல்லை என்று ஆகிவிடாது. அப்பாவுக்கும் மகனுக்கும் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்துக் கேள்வியைத் தோல்வரை தோண்டிப் பார்த்தார்கள். மறுபக்கத்துக் கேள்வி ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றது.

அதைக் கேட்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பென்சீனால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றன. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், அட்டவணையில் உள்ள நோயோடு வரும் தொழிலாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியே ஆக வேண்டும் என்று கடமை விதித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1971ஆம் வருடத்துப் பென்சீன் உடன்படிக்கையை இந்தியா 1991இல் ஏற்றுக்கொண்டது. ‘கூலி’ என்று எழுதியாயிற்று என்றால் இந்தச் சட்டங்கள் எதற்கும் வேலை இல்லை. ஃபினிஷிங் என்றோ பேஸ்டிங் என்றோ எழுதினால்தான் அடுத்த கேள்வி பிறக்கும். 1996 தீர்ப்புக்குப் பிறகு அமைந்த ஆணையம் பாழான நிலத்துக்கு உழவர்களுக்கு இழப்பீடு கணக்கிட்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் ஓர் ஆணை பிறப்பித்தது. நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது. மாமா இருபத்தோரு வருஷம் மூச்சில் இழுத்ததற்கு எந்த எண்ணும் இல்லை. அவர் வேலை செய்ததற்கான சீட்டுகூட வீட்டில் இல்லை. வாரக்கூலிக்கு யார் சீட்டு தருவார்கள்?

2021 தொடக்கத்தில் தங்கையின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கு மஜ்ஜை கொடுத்தவள் என்பது அந்த வீட்டில் ஒரு பெருமையாகவும் ஆகிப்போனது. பந்தலில் அத்தை என்னிடம் பேசினார், சாப்பிட்டாயா என்று.

மறுவாரம் நான் வீட்டுக்குப் போனபோது, நான் வரைந்த குடும்பப் படத்தைக் காட்டினேன். அதே சதுரம், அதே வட்டம், அதே இரட்டைக் கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொழிலை எழுதியிருந்தேன். தாத்தா, சுண்ணாம்புக் குழி, முப்பத்தைந்து வருஷம். மாமா, ஃபினிஷிங், ஸ்ப்ரே, இருபத்தொன்று. மகன், பேஸ்டிங், பத்து. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். மாமாவின் மை நிரம்பிய சதுரத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரட்டைக் கோட்டின் மறுமுனைக்குப் போனது.

“எம் பக்கத்துல ஒண்ணுமே எழுதலியே கண்ணு.”

நான் பேனாவை எடுத்தேன்.

“வூட்ல ஒக்காந்து ஷூ அப்பர் தெச்சேன்னு எழுது. பதினெட்டு வருஷம். ஜோடிக்கு இவ்ளோன்னு கணக்கு.”